காய்கறிக் கிடங்கின் பின்னணிச் சேவைகளுக்குத் தானியங்கிக் கண்காணிப்பு அமைத்த விவரம்

பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் கிடங்கு வைத்திருக்கும் ஒரு காய்கறி, மளிகை விநியோக நிறுவனத்தின் சர்வர்களை நான் பராமரித்து வருகிறேன். உணவகங்கள் நள்ளிரவு தாண்டியும் இணையப் படிவத்தில் ஆர்டர் அனுப்பும். அதிகாலை 2 மணிக்கு, எந்தக் கடைக்கு எத்தனை கிலோ என்ற பட்டியல் கிடங்கில் அச்சாகும். 4 மணியளவில் லாரிகள் லிட்டில் இந்தியாவுக்கும் ஜூரோங், உட்லண்ட்ஸ் பக்கங்களுக்கும் புறப்பட்டுவிடும். இந்த ஓட்டத்தைத் தாங்கி நிற்பவை யார் கண்ணிலும் படாத சில பின்னணிச் சேவைகள்: ஆர்டர்களை வரிசையிலிருந்து எடுத்துத் தரவுத்தளத்தில் பதிவது ஒன்று, சிங்கப்பூரின் மின்னியல் விலைப்பட்டியல் வலையமைப்பான இன்வாய்ஸ்நவ் வழியாக விலைப்பட்டியல் அனுப்புவது ஒன்று, குளிர் அறையின் வெப்பநிலையைப் படிப்பது ஒன்று, இரவுக் காப்புப்பிரதி எடுப்பது ஒன்று. இவற்றுக்கு ஒழுங்கான கண்காணிப்பை அமைத்த வேலையை, அதே நிலையில் இருக்கும் வேறு ஒருவருக்குப் பயன்படும் வகையில் எழுதிவைக்கிறேன்.

இந்த வேலைக்குக் காரணமாக அமைந்தது தீபாவளிக்கு முந்தைய ஓர் இரவு. கிடங்கு மேற்பார்வையாளர் அதிகாலையில் அழைத்து, “தம்பி, பட்டியல்ல பாதிக் கடையக் காணோமே, கறிவேப்பிலையும் வாழை இலையும் யாருக்கு எவ்வளவு கட்டுறதுன்னே தெரியல” என்றார். சர்வருக்குள் நுழைந்து பார்த்தபோது, ஆர்டர் சேவை, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கணக்கில் பச்சை நிறத்தில் ‘ஆக்டிவ், ரன்னிங்’ என்றே இருந்தது. நினைவகம் சாதாரணம், சிபியு ஏறத்தாழச் சும்மா இருந்தது, சேவையின் பதிவேட்டில் (லாக்) பிழை என்று ஒரு வரிகூட இல்லை. ஆனால் ஆர்டர்களைத் தற்காலிகமாக நினைவகத்தில் வைத்திருக்கும் ரெடிஸ் என்ற மென்பொருளில் இருந்த ஆர்டர் வரிசையின் நீளத்தைக் கேட்டபோது, அந்த நேரத்தில் காலியாக இருக்க வேண்டிய வரிசையில் நூற்றுக்கணக்கான ஆர்டர்கள் குவிந்திருந்தன.

ஒரு நிரல் அந்த நொடியில் இயங்குதளத்திடம் என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியை அந்தச் சேவையின் செயல்முறை எண்ணோடு இணைத்ததும் விடை ஒரே வரியில் வந்தது. நிரல், வெளி நிறுவனம் ஒன்றின் குறுஞ்செய்தி வாயிலோடு ஒரு நெட்வொர்க் இணைப்பைத் திறந்து, பதிலுக்காக ‘ரிசீவ்’ அழைப்பில் உட்கார்ந்திருந்தது. மறுமுனை சத்தமில்லாமல் போய்விட்டது. இந்த முனைக்கு அந்தச் செய்தி வரவே இல்லை. இணைய அழைப்புகளுக்குப் பயன்படும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு இயல்பாகக் காத்திருப்பு வரம்பு கிடையாது. நாம் சொல்லாவிட்டால் அது முடிவில்லாமல் காத்திருக்கும். மறுமுனை இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும், டிசிபி நெட்வொர்க் இணைப்பின் ‘கீப்அலைவ்’ சோதனையும் தானாக இயங்குவதில்லை. இயக்கினாலும் லினக்ஸின் இயல்பு அமைப்பில் 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் முதல் சோதனையே போகும். ஆகவே அந்தச் சேவை எந்தப் பிழையும் செய்யாமல், எந்த வேலையும் செய்யாமல், உயிரோடு இருந்தது. அன்று மறுதொடக்கம் செய்து பட்டியலை மீண்டும் அச்சிட்டோம். லாரிகள் தாமதமாகக் கிளம்பின.

நிரலில் இணைப்புக்கு 5 விநாடி, பதிலுக்கு 15 விநாடி என்று வரம்பு வைத்தது அந்த ஒரு பழுதுக்கான மருந்து. ஆனால் அடுத்த பழுது வேறு வடிவில் வரும். சேவை இருக்கிறதா என்று கேட்கும் கண்காணிப்பு இந்தக் கிடங்குக்குப் போதாது, வேலை நடந்ததா என்று கேட்கும் கண்காணிப்புதான் வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்தே மற்ற எல்லாவற்றையும் அமைத்தேன்.

முதலில் சிஸ்டம்டியில் ஏற்கெனவே இருக்கும் வசதிகளை முழுமையாகப் பயன்படுத்த முடிவு செய்தேன். பலர் ‘ரீஸ்டார்ட்’ என்ற ஒரு வரியை எழுதிவிட்டு, சேவை விழுந்தால் தானாக எழுந்துவிடும் என்று நிம்மதி அடைகிறார்கள். அதன் இயல்பு எண்களைத் தெரிந்துகொள்வது அவசியம். விழுந்த சேவையைச் சிஸ்டம்டி 100 மில்லிவிநாடி இடைவெளியில் மறுபடி தொடங்கும். 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கிவிட்டால் அதற்கு மேல் முயலாமல் ‘தோல்வி’ என்று குறித்துக் கைவிடும். தரவுத்தளம் அரை நிமிடம் மறுதொடக்கத்தில் இருந்தால் போதும், அதை நம்பியிருக்கும் சேவை தன் ஐந்து வாய்ப்புகளையும் ஓரிரு விநாடிகளில் தீர்த்துவிட்டு, தரவுத்தளம் திரும்பி வரும்போது இல்லாமல் போயிருக்கும். இதைத் தவிர்க்க இடைவெளியை 5 விநாடியாக மட்டும் உயர்த்தினால் எதிர்த் திசையில் சிக்கல் வரும்: 10 விநாடிக்குள் ஐந்து முறை தொடங்கவே முடியாது என்பதால் வரம்பு ஒருபோதும் எட்டப்படாது, உடைந்த நிரல் இரவெல்லாம் விழுந்து எழுந்துகொண்டே இருக்கும், பார்ப்பவருக்குப் பெரும்பாலும் பச்சையாகவே தெரியும். நான் இடைவெளியை 10 விநாடியாகவும், கணக்கிடும் காலத்தை 5 நிமிடமாகவும், முயற்சி எண்ணிக்கையை 5 ஆகவும் வைத்தேன். தற்காலிகத் தடங்கலைத் தாண்ட ஏறத்தாழ ஒரு நிமிடம் கிடைக்கிறது. உண்மையான உடைப்பு என்றால் சேவை தோல்வி நிலைக்குச் சென்று, ‘ஆன்ஃபெயிலியர்’ வழியாக ஒரு செய்தியையும் அனுப்புகிறது.

விலைப்பட்டியல் சேவைக்கு மட்டும் தானியங்கி மறுதொடக்கத்தை வேண்டுமென்றே நிறுத்திவைத்திருக்கிறேன். அனுப்பிய பின், ‘அனுப்பியாயிற்று’ என்று குறித்துக்கொள்வதற்கு முன் அது விழுந்தால், எழுந்ததும் அதே பட்டியலை இரண்டாம் முறை அனுப்பக்கூடும். 2024 முதல் 9 விழுக்காடாக உள்ள பொருள் சேவை வரியோடு ஓர் உணவகத்துக்கு இரட்டை விலைப்பட்டியல் போனால், அதைத் திருத்த ரத்துக் குறிப்பு, விளக்கக் கடிதம், கணக்காளரின் நேரம் எல்லாம் தேவைப்படும். ஒவ்வொரு பட்டியலுக்கும் தனி அடையாள எண் வைத்து இரட்டிப்பைத் தடுக்கும் மாற்றம் நிரலில் முடியும் வரை, அந்தச் சேவை விழுந்தால் ஒரு மனிதர் பார்த்துத்தான் எழுப்ப வேண்டும்.

தொங்கி நிற்கும் சேவையைக் கண்டுபிடிக்கச் சிஸ்டம்டியின் ‘வாட்ச்டாக்’ வசதி கைகொடுத்தது. குறித்த காலத்துக்குள் நிரல் ஒரு சிறு நலச்செய்தியை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் சிஸ்டம்டி அதை நிறுத்தி மீண்டும் தொடங்கும். ஆர்டர் சேவைக்கு 60 விநாடி வைத்தேன். அந்தச் செய்தியை நிரலின் எந்த இடத்திலிருந்து அனுப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிரலுக்குள் இணையாக ஓடும் தனி இழையிலிருந்து (த்ரெட்) அனுப்புவது எளிது, உதாரணங்கள் பலவும் அப்படித்தான் காட்டுகின்றன. ஆனால் வேலை செய்யும் இழை நெட்வொர்க்கில் மாட்டிக்கொண்டாலும் செய்தி அனுப்பும் இழை தன் பாட்டுக்கு ‘நலம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே வரிசையிலிருந்து ஆர்டரை எடுத்து, தரவுத்தளத்தில் எழுதி, சுற்று முடியும் இடத்தில் அதை வைத்தேன். வரிசை காலியாக இருக்கும்போதும் சுற்று ஓட வேண்டும் என்பதற்காக, ரெடிஸில் காத்திருக்கும் நேரத்தை 20 விநாடியாகக் குறைத்தேன்.

இதற்கு மேல் ஓர் அடுக்காக, அளவீடுகளைச் சேகரித்து விதிகளின்படி எச்சரிக்கும் புரோமிதியஸை நிறுவினேன். சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012இல் தொடங்கி, 2016இல் கிளவுட் மென்பொருள்களுக்கான சிஎன்சிஎஃப் அறக்கட்டளையில் சேர்ந்த இந்தக் கருவி, எங்களைப் போன்ற சிறிய இடத்துக்குப் பெரிதல்லவா என்று கேட்கலாம். உண்மையில் அது ஒரே ஒரு நிரல், ஓர் அமைப்புக் கோப்பு. மூன்று சர்வர்களுக்குப் பழைய மினி கணினி ஒன்றே போதுமானதாக இருக்கிறது. ஒவ்வொரு சர்வரிலும் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற சிறு நிரல் 9100 வாயிலில் (போர்ட்) அளவீடுகளைத் தருகிறது, புரோமிதியஸ் 15 விநாடிக்கு ஒருமுறை வந்து எடுத்துக்கொள்கிறது. நோட் எக்ஸ்போர்ட்டரில் சிஸ்டம்டி சேவைகளைப் பார்க்கும் பகுதி இயல்பாக அணைந்திருக்கும். அதைத் தனியாக இயக்க வேண்டும். மறுதொடக்க எண்ணிக்கையைத் தரும் தெரிவையும் சேர்த்து இயக்கினால், பச்சையாகத் தெரிந்துகொண்டே அடிக்கடி விழும் சேவைகள் வெளிச்சத்துக்கு வரும்.

ஆர்டர் வரிசைக்கு எந்த எண்ணை அளவீடாக எடுப்பது என்பதில் நிறைய யோசித்தேன். முதலில் தோன்றுவது வரிசையின் நீளம். ஆனால் இரவு 11 மணிக்கு உணவகங்கள் கடையைச் சாத்திவிட்டு ஒரே நேரத்தில் ஆர்டர் போடும்போது 200 என்பது இயல்பு. மாலை 4 மணிக்கு 3 ஆர்டர்கள் அரை மணி நேரமாக நகராமல் இருந்தால் அது பழுது. நீளத்துக்கு எந்த வரம்பு வைத்தாலும் ஒரு நேரத்தில் பொய் எச்சரிக்கையும் இன்னொரு நேரத்தில் மௌனமும் வரும். அதற்குப் பதிலாக, வரிசையில் முதலாவதாக நிற்கும் ஆர்டர் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்பதை அளவீடாக்கினேன். அது 10 நிமிடத்தைத் தாண்டி, அந்த நிலை 2 நிமிடம் நீடித்தால் எச்சரிக்கை. கூட்டமோ வெறிச்சோடிய நேரமோ, இந்த எண்ணுக்குப் பொருள் மாறுவதில்லை. இதோடு, அதிகாலை 1.30 மணிக்குப் படிவத்தில் பதிவான ஆர்டர்களின் எண்ணிக்கையையும் பட்டியலுக்குத் தயாரான ஆர்டர்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடும் சிறு நிரலும் ஓடுகிறது. வேறுபாடு இருந்தால் அச்சுக்கு முன் அரை மணி நேரம் கையில் இருக்கும். எல்லாச் சேவைகளும் நலம் என்று சொன்னாலும் இந்த இரண்டு எண்களும் பொருந்தாவிட்டால் நான் இந்த எண்களைத்தான் நம்புவேன்.

காப்புப்பிரதி போல ஒருமுறை ஓடி முடிந்துவிடும் வேலைகளுக்கு, நோட் எக்ஸ்போர்ட்டர் படிக்கும் உரைக்கோப்பு ஒன்றில் முடிவை எழுதும் முறை வசதியானது. வெற்றி என்றால் 1, தோல்வி என்றால் 0 என்று எழுதும் வழக்கத்தைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பொல்லாத ஓட்டை உண்டு: நேரம் குறிக்கும் டைமரே அணைக்கப்பட்டுவிட்டால் காப்புப்பிரதி ஓடவே ஓடாது, கோப்பில் கடைசியாக எழுதிய 1 மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். கடைசி வெற்றி எந்த நேரத்தில் நடந்தது என்ற நேர முத்திரையை எழுதினால், தோல்வியும் ஓடாமல் போவதும் ஒரே அடையாளத்தைக் காட்டும், அதாவது நேரம் பழையதாகிக்கொண்டே போகும். அது 26 மணி நேரத்தைத் தாண்டினால் எனக்குச் செய்தி வரும். கோப்பை எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே எக்ஸ்போர்ட்டர் படித்தால் பாதி வரி கிடைக்கும். ஆகவே அதே கோப்பகத்தில் வேறு பின்னொட்டோடு எழுதி முடித்து, பிறகு பெயரை மாற்றுகிறேன். தற்காலிகக் கோப்பை வேறு வட்டுப் பகுதியில் வைத்தால் பெயர்மாற்றம் உண்மையில் நகலெடுப்பாகிவிடும், பாதுகாப்பும் போய்விடும்.

புரோமிதியஸின் இன்னொரு குணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓர் அளவீடு வருவதே நின்றுவிட்டால், அதன்மீது எழுதிய விதிக்கு விடை ‘தவறு’ என்று வராது, வெறுமையாக வரும். வெறுமைக்கு எச்சரிக்கை கிடையாது. ஆகவே முக்கியமான ஒவ்வோர் அளவீட்டுக்கும், அது காணாமல் போனால் ஒலிக்கும் ‘ஆப்சென்ட்’ விதி ஒன்றைத் துணையாக எழுதினேன். விதிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானது, ஆனால் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

குளிர் அறைச் சேவை தனி வகை. தயிர், பனீர், தோசை மாவு ஆகியவை அங்கே 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் இருக்க வேண்டும். 5 முதல் 60 டிகிரி வரை உணவில் கிருமி பெருகும் வரம்பு என்பதைச் சிங்கப்பூரில் உணவுத் தொழிலில் இருப்போர் அறிவர். அறையில் இருப்பது டிஎஸ்18பி20 உணரி. மின்சாரம் வந்தவுடன், முதல் அளவெடுப்பு முடிவதற்கு முன் படித்தால் அது 85 டிகிரி என்று சொல்லும். அது அளவு அல்ல, உணரியின் தொடக்க மதிப்பு. வெப்பநிலை 5ஐத் தாண்டினால் எச்சரி என்று மட்டும் எழுதினால், மின்தடை நீங்கும் ஒவ்வொரு முறையும் மேற்பார்வையாளர் அலறியடித்துக்கொண்டு குளிர் அறைக்கு ஓட வேண்டியிருக்கும். சரியாக 85 என்று வந்தால் அதை எறிந்துவிட்டு மறுபடி படிக்குமாறு மாற்றினேன். இதைவிட ஆபத்தானது உறைந்த எண். 12 பிட் நிலையில் இந்த உணரி 0.0625 டிகிரி மாற்றத்தைக்கூடக் காட்டும். கம்ப்ரசர் ஏறி இறங்கும் அறையில் ஒரு மணி நேரம் எண் அசையாமல் இருக்க வாய்ப்பில்லை. ஆகவே ஒரு மணி நேரத்தில் மதிப்பு ஒருமுறைகூட மாறவில்லை என்றால் ஒலிக்கும் விதி ஒன்று இருக்கிறது. 3.5 டிகிரி என்று மாலை முழுவதும் அசையாமல் நிற்கும் எண், பார்வைக்கு மிக ஆரோக்கியமானது. நான் அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

நேரம் சார்ந்த விதிகளை எழுதும்போது உலகப் பொது நேரமான யூடிசி பற்றிய தெளிவு வேண்டும், ஏனெனில் புரோமிதியஸின் மணி, கிழமைக் கணக்குகள் அனைத்தும் அதில்தான் நடக்கின்றன. சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 முதல் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது, கோடைக்கால நேர மாற்றமும் இங்கே இல்லை; எனவே கணக்கு எளிது. எங்களுக்கு இதில் ஒரு நல்லூழும் உண்டு. ஆர்டர்கள் குவியும் இரவு 8 மணி முதல் அதிகாலை 2 மணி வரையிலான நேரம் நம் நாட்காட்டியில் நள்ளிரவைக் கடந்து இரண்டு கிழமைகளில் விழுகிறது. யூடிசியில் அது நண்பகல் 12 முதல் மாலை 6 வரை, ஒரே கிழமைக்குள் அடங்கிவிடுகிறது. சனிக்கிழமை இரவு ஆர்டர்களுக்கான விதியில் ஞாயிறைச் சேர்க்க வேண்டியதே இல்லை.

எச்சரிக்கையை யாருக்கு, எந்த மொழியில் அனுப்புவது என்பதை, புரோமிதியஸின் எச்சரிக்கைகளை உரியவருக்கு அனுப்பும் அலர்ட்மேனேஜரில் முடிவு செய்தேன். இரவில் கிடங்கில் இருப்பவர்கள் தமிழ் பேசுவோர், அவர்களுக்குச் செல்லும் செய்தியில் “ஆர்டர் வரிசை 10 நிமிடமாக நகரவில்லை. பட்டியலை அச்சிட வேண்டாம். பராமரிப்பவருக்குத் தகவல் போய்விட்டது” என்று, என்ன ஆயிற்று என்பதோடு அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கும். டெலிகிராமில் இதற்குத் தடையில்லை. இணையம் போனால் துணையாக இருக்கும் குறுஞ்செய்தியில் இடம் போதாது: ஆங்கில எழுத்தில் 160 கொள்ளும் ஒரு செய்தி, தமிழில் 70 ஆகச் சுருங்கும், கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனி இடம் பிடிக்கும். அதனால் குறுஞ்செய்திக்கு “ஆர்டர் நின்றது, அச்சிட வேண்டாம்” என்ற அளவில் தனி வாசகம் எழுதினேன். அனுப்புநர் பெயரைப் பதிவு செய்வதும் கட்டாயம். 2023 ஜனவரி 31 முதல் சிங்கப்பூரில் பதிவில்லாத பெயரோடு வரும் குறுஞ்செய்திகள் ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற தலைப்போடுதான் வந்து சேர்கின்றன, நள்ளிரவில் அப்படி ஒரு செய்தியை யாரும் திறக்க மாட்டார்கள். பதிவேட்டின் கடைசி வரிகளைச் செய்தியோடு இணைக்கும் வசதியை மட்டும் நான் பயன்படுத்தவில்லை. அந்த வரிகளில் வாடிக்கையாளரின் பெயரும் கைப்பேசி எண்ணும் இருக்கும்; 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் ஊரில் அவற்றை ஓர் அரட்டைக் குழுவுக்குள் கொட்டுவது சரியல்ல.

கண்காணிக்கும் கணினியே படுத்துவிட்டால் என்ன என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். அது கிடங்கின் மின்சாரத்தையும் இணையத்தையும்தான் நம்பி நிற்கிறது. இதற்கு எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும் விதி ஒன்றை எழுதி, அலர்ட்மேனேஜர் அதை 5 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே உள்ள ஒரு சிறு கிளவுட் சர்வருக்கு அனுப்புமாறு செய்தேன். இரவுக் காவலர் மணிக்கொரு முறை விசில் ஊதிக்கொண்டு போவதைப் போன்றது அது. ஒலி கேட்டுக்கொண்டிருக்கும் வரை யாரும் எழுவதில்லை, கேட்காவிட்டால் எழுந்து பார்ப்பார்கள். 15 நிமிடம் செய்தி வராவிட்டால் அந்த வெளிச் சர்வர் நேரடியாக எனக்கும் மேற்பார்வையாளருக்கும் குறுஞ்செய்தி அனுப்பும்.

எல்லாம் அமைந்த பின், பகல் நேரத்தில் மேற்பார்வையாளருக்குச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்த்தேன். சேவையைக் கொல்வது எளிய சோதனை, அதில் கற்பதற்கு அதிகம் இல்லை. ‘ஸ்டாப்’ சமிக்ஞை அனுப்பி அதை உறையவைப்பதுதான் தீபாவளி இரவை அப்படியே திரும்பக் கொண்டுவரும் சோதனை. அனுப்பியதும் சிஸ்டம்டியின் நிலை வரி பச்சையாகவே நின்றது. ஒரு நிமிடம் கழிந்ததும் வாட்ச்டாக் காலாவதியானது என்ற வரி பதிவேட்டில் விழுந்தது, பிறகு சேவை புதிய எண்ணோடு எழுந்து, தேங்கிய சோதனை ஆர்டர்களை எடுக்கத் தொடங்கியது. வாட்ச்டாக்கை அணைத்துவிட்டு மீண்டும் உறையவைத்தபோது, காத்திருப்பு நேர விதி மேற்பார்வையாளரின் கைப்பேசியில் தமிழ்ச் செய்தியாக ஒலித்தது. அவர் படித்துவிட்டு, “இது புரியுது தம்பி, முன்னாடி வந்ததெல்லாம் என்னன்னே தெரியாது” என்றார். ஆப்சென்ட் விதிகளைச் சோதிக்க எக்ஸ்போர்ட்டரை நிறுத்தினேன். வெளிச் சர்வரைச் சோதிக்க மினி கணினியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். இரண்டும் எதிர்பார்த்த நேரத்தில் ஒலித்தன.

காப்புப்பிரதி மட்டும் இன்னும் முழுமையாகவில்லை. கோப்பு உருவானது, அதன் அளவு முந்தைய நாளைவிடச் சுருங்கவில்லை என்பதை இப்போது பார்க்கிறோம். அதிலிருந்து தரவுத்தளத்தை உண்மையில் மீட்க முடியுமா என்பதை இயந்திரம் இன்னும் பார்ப்பதில்லை. வாரம் ஒருமுறை தனிச் சர்வரில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை மீட்டெழுப்பி, கடைசி ஆர்டரின் நேரத்தைப் படித்து, அந்த நேரத்தையே உரைக்கோப்பில் அளவீடாக எழுதும் நிரலை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.